தட்டத் தயங்கிய கதவு

"மௌலவி, உங்கட பெயரையும் போட்டுட்டம்."

இஷாத் தொழுகை முடிந்து பள்ளிவாசல் படியிறங்கும்போது, ஒரு காலத்தில் என்னிடம் குர்ஆன் ஓதிய இளைஞர் ஒருவர் இப்படிச் சொல்லிக்கொண்டே என் கையில் ஓர் அட்டையைத் திணித்தார். 2024 செப்டெம்பர் மாதக் கடைசி அது. இளைஞர் யுவதிகளின் மனநலத்துக்காக நிதி திரட்ட எமது ஊர் வாலிபர்கள் ஒரு நடைபவனி ஏற்பாடு செய்திருந்தார்கள். ஒக்டோபர் 10ஆம் திகதி உலக மனநல தினம். 1992ஆம் ஆண்டு தொடக்கம் அது அனுஷ்டிக்கப்பட்டு வருகிறது. அதனை அடுத்து வரும் 13ஆம் திகதி ஞாயிறன்று, சுபஹுத் தொழுகைக்குப் பின் கடற்கரை வீதியால் ஐந்து கிலோமீற்றர் நடக்க வேண்டும். நடப்பவர் தமக்குத் தெரிந்தவர்களிடம் போய், 'நான் ஒரு கிலோமீற்றர் நடந்தால் நீங்கள் எத்தனை ரூபா தருவீர்கள்?' என்று கேட்டு அட்டையில் எழுதிக்கொள்ள வேண்டும். நடந்து முடிந்தபின் போய் வசூலிக்க வேண்டும். அட்டையில் இருபது பெயர்களுக்கு இடமிருந்தது.

உண்மையைச் சொன்னால் எனக்கு விருப்பமிருக்கவில்லை. அறபுக் கல்லூரியில் பாடம் நடத்தும் ஒருவன், நாற்பத்தைந்து வயதில், ஒரே நிற டீ சேர்ட் போட்ட பையன்களுடன் வீதியால் நடப்பதா? கொடுக்க விரும்புபவர் யாரும் நடக்காமலே கொடுக்கலாமே! பேனர் எதற்கு, படம் எதற்கு? வலது கை கொடுப்பதை இடது கை அறியாமல் கொடுக்க வேண்டும் என்று எத்தனையோ ஜும்ஆக்களில் நானே பேசியிருக்கிறேன். இதையெல்லாம் அந்த இளைஞரிடம் சொன்னேன். அவர் மரியாதையாகக் கேட்டுவிட்டு, "அப்ப முழர் கூட்டத்தார்ர ஹதீஸ் என்ன உஸ்தாத்? நீங்கதானே எங்களுக்குப் படிப்பிச்ச" என்றார்.

படிப்பித்தவன் நான்தான். சரியான உடையும் இன்றி வறுமைப்பட்டு ஒரு கூட்டத்தார் மதீனாவுக்கு வந்தபோது அவர்களைக் கண்டு நாயகம் (ஸல்) அவர்களின் முகம் மாறியதையும், மக்களைத் திரட்டி அவர்கள் பேசியதையும், அன்ஸாரித் தோழர் ஒருவர் கை தாங்க முடியாத அளவு கனமான ஒரு பையை எல்லோர் முன்னிலையிலும் கொண்டுவந்து வைத்ததையும், அதைப் பார்த்து மற்றவர்களும் கொண்டுவந்து குவிக்க உணவும் உடையுமாக இரண்டு குவியல்கள் எழுந்ததையும் ஜரீர் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். ஒருவர் பகிரங்கமாகக் கொடுத்ததுதான் அன்று மற்றவர்களின் கையைத் திறந்தது. மறைத்துக் கொடுப்பது மேலானது. ஆயினும் பிறரைத் தூண்டும் இடத்தில் வெளிப்படையாகக் கொடுப்பதும் நன்மையே என்று தப்ஸீர் ஆசிரியர்கள் விளக்குவார்கள். மாணவர் உஸ்தாதுக்குப் பாடம் நடத்திவிட்டுப் போய்விட்டார்.

வேறு பேச்சின்றி அட்டையை எடுத்துக்கொண்டு வீடு வந்தேன். மனைவி அதைப் பார்த்துவிட்டு, "என்னத்துக்குச் சேர்க்கிற காசு?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. அரசாங்க ஆஸ்பத்திரியில் மனநலக் கிளினிக் இலவசம், மருந்தும் இலவசம். அப்படியிருக்க எதற்கு நிதி? மறுநாள் அந்த வாலிபர்களிடம் விசாரித்தேன். கிளினிக் இலவசம்தான், போய் வருவது இலவசமல்ல. நோயாளியுடன் ஒருவர் போக வேண்டும். கூலிக்கு வேலை செய்பவரென்றால் அன்றைய கூலி போய்விடும். பஸ்ஸில் ஏறப் பயப்படும் பிள்ளையென்றால் ஓட்டோ பிடிக்க வேண்டும். 2022ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியின்போது பல ஆஸ்பத்திரிகளில் மருந்து இல்லாமல் வெளியில் பாமஸிகளில் தேடித் திரிந்ததை எல்லோரும் அறிவோம். மாத்திரையைத் திடீரென்று நிறுத்தி மீண்டும் நோய் கூடியவர்கள் அந்நாட்களில் எமது ஊரிலும் இருந்தார்கள். இவற்றுக்கு ஒரு பகுதி. மற்றப் பகுதி, பழைய வாசிகசாலையின் பின்னறையில் வாரத்தில் இரண்டு நாட்கள் பயிற்சி பெற்ற ஓர் உளவளத்துணையாளரை, அதுவும் ஒரு பெண்ணை, இருத்துவதற்கு. பக்கத்து அறையில் பெண்களுக்கான தையல் வகுப்பு நடக்கிறது. அந்த ஒழுங்கைக்குள் ஒரு குமர்ப்பிள்ளை போனால், எதற்குப் போகிறாள் என்று யாரும் கேட்கமாட்டார்கள். இந்த யோசனையைச் சொன்னவர் அந்த வாலிபர்களில் ஒருவருடைய ராத்தாவாம். ஆண்களுக்கு இது தோன்றியிருக்காது.

உளவளத்துணை என்ற சொல்லையே எங்கள் கரையோர ஊர்கள் 2004 டிசம்பர் 26இல் சுனாமி அடித்த பிறகுதான் பரவலாகக் கேட்டன. அப்போது வாகனங்களில் வந்து பிள்ளைகளைக் கூட்டி வைத்துப் படம் கீறச் சொன்னார்கள். நாங்கள் வேடிக்கை பார்த்தோம். சில மாதங்களில் அவர்கள் போய்விட்டார்கள், சொல் மட்டும் தங்கிவிட்டது.

மார்க்கத் தீர்ப்புக் கேட்டும் வந்தார்கள். ரெஃபிள் டிக்கட் விற்கலாமா? கூடாது, சீட்டுக்குப் பணம் கட்டி அதிர்ஷ்டத்துக்குக் காத்திருப்பது சூதாட்டத்தில் சேரும் என்றேன். அதற்குப் பதிலாகப் பள்ளியில் நாம் வழமையாகச் செய்வது போல ஏலம் விடுங்கள் என்றேன். ஸகாத் பணத்தை வாங்கலாமா? வறிய நோயாளியின் கையில் சேரும் பிரயாணச் செலவுக்கு வாங்கலாம். அறைக்குப் பெயின்ற் அடிக்கவும் பேனர் கட்டவும் ஸகாத்தைத் தொடாதீர்கள், அதற்கு ஸதகா இருக்கிறது, இரண்டையும் வெவ்வேறு கொப்பியில் எழுதுங்கள் என்றேன். இசை வேண்டாம் என்று நான் சொல்ல முன்பே அவர்கள் தீர்மானித்திருந்தார்கள்.

அட்டையில் பத்தொன்பது பெயர்களை இரண்டு நாளில் எழுதிவிட்டேன். மௌலவி கேட்டால் யார்தான் மறுப்பார்கள்? கிலோமீற்றருக்கு நூறு ரூபா, ஐம்பது ரூபா, ஹாட்வெயார் கடைக்காரர் ஐந்நூறு. இருபதாவது வரி மட்டும் வெறுமையாக இருந்தது. எந்த வீட்டுக் கதவை அதற்காகத் தட்ட வேண்டும் என்று எனக்குத் தெரியும். தட்டாமலிருக்கத்தான் அத்தனை பேரிடமும் ஓடி ஓடிப் போயிருக்கிறேன்.

2011ஆம் ஆண்டு. ஹிப்ழுப் பிரிவில் என்னிடம் ஒரு மாணவர் இருந்தார். வயது பதினைந்து. பன்னிரண்டு ஜுஸ்உ முடித்திருந்தார். நல்ல குரல். அந்த வருடம் நடுப்பகுதியில் அவர் வுழூச் செய்ய அதிக நேரம் எடுக்கத் தொடங்கினார். முதலில் பத்து நிமிடம், பிறகு அரை மணித்தியாலம், பிறகு முக்கால் மணித்தியாலம். மற்றவர்கள் தொழுது முடித்து வெளியே வரும்போதும் அவர் ஹவுழடியில் முழங்கையைத் தேய்த்துக்கொண்டிருப்பார். விரல் இடுக்குகள் வெடித்து இரத்தம் கசியும். தொழுகையில் நின்றால் தக்பீரை ஏழெட்டுத் தடவை கட்டுவார். இரவில் தூக்கமில்லை. என்னிடம் வந்து, "உஸ்தாத், முழங்கைக்கு மேல தண்ணி பட்டதா எண்டு சந்தேகமா இருக்கு, என்ட தொழுகை கூடுமா?" என்று கேட்பார். கூடும் என்பேன். பத்து நிமிடத்தில் திரும்பி வந்து அதையே கேட்பார். நானும் சலிக்காமல் சொல்வேன். என் பொறுமையை நினைத்து எனக்கே பெருமையாக இருந்தது.

இது ஷைத்தானின் வஸ்வாஸ், பொருட்படுத்தாதே என்று பிக்ஹுக் கிதாபுகளைத் திறந்து காட்டினேன். கிதாபுகள் சொல்வது சரி. ஆனால் காய்ச்சலில் கிடப்பவனிடம் 'நீ சுடாதே' என்று சொல்வது போல நான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் மற்ற மாணவர்களின் முன்னால், ஈமானில் பலவீனம் இருந்தால்தான் இப்படி வரும் என்றும் சொல்லிவிட்டேன். அன்று அவர் முகம் போன போக்கு இன்னும் எனக்கு மறக்கவில்லை.

பிள்ளையின் உம்மா கல்லூரிக்கு வந்தார். வாப்பா இல்லாத பிள்ளை, தையல் மெஷினை மிதித்து மூன்று பிள்ளைகளை வளர்க்கிற தாய். "மௌலவி, ஆஸ்பத்திரியில ஒருக்கா காட்டிப் பாப்பமா?" என்று கேட்டார். நான் சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன். "தேவையில்லை ராத்தா, ஓதிப் பார்ப்போம். அங்கே கொண்டுபோனால் ஊரில் வேறு பெயர் வந்துவிடும். வீட்டில் இரண்டு குமர்கள் இருக்கிறார்கள், யோசித்துக்கொள்ளுங்கள்." அவர் யோசித்தார். கொண்டுபோகவில்லை. தண்ணீரில் ஓதிக் கொடுத்தேன். ஓதியது பிழையென்று நான் இன்றும் சொல்லமாட்டேன், இப்போதும் ஓதிக் கொடுக்கிறேன். மற்றக் கதவைச் சாத்தியதுதான் பிழை.

அடுத்த வருடம் அவர் ஓதலை விட்டார். ஓ. எல். பரீட்சைக்கும் போகவில்லை. 2018ஆம் ஆண்டு வரை, ஏழு வருடங்கள், வீட்டின் பின்னறையே அவருக்கு உலகம். கட்டாரிலிருந்து லீவில் வந்த தாய்மாமன்தான் கையைப் பிடித்துக் கிளினிக்குக் கொண்டுபோனார். அங்கே இருந்த டொக்டர், பிள்ளையின் சந்தேகமெல்லாம் மார்க்கம் பற்றியதாக இருந்ததால், ஓதிக் கொடுத்த உஸ்தாதைக் கூட்டிவரச் சொன்னாராம். போனேன். வெளியே வாங்கில் நோயாளிகளோடு இருந்தபோது, தெரிந்தவர் யாரும் கண்டுவிடுவார்களோ என்று தலையில் தொப்பியைச் சரிசெய்வது போல முகத்தை மறைத்துக்கொண்டேன். ஒரு மணித்தியாலம் எனக்கு அப்படி இருந்ததென்றால் அந்தத் தாய்க்கு எப்படி இருந்திருக்கும்!

டொக்டர் என்னைக் குறை சொல்லவில்லை. இது ஒரு நோய், இதற்கு மாத்திரையும் பயிற்சியும் உண்டு என்றார். தொழுகையாளிக்கு இது தொழுகையில் வரும், வீட்டுப் பெண்ணுக்குப் பாத்திரம் கழுவுவதில் வரும், இன்னொருவருக்குக் கதவைப் பூட்டினேனா என்பதில் வரும். பிறகு ஒன்றைச் சொன்னார்: "அவர் கேட்டால் ஒரு தடவை பதில் சொல்லுங்கள். அதையே மீண்டும் கேட்டால் பதில் சொல்லாதீர்கள். நீங்கள் ஒவ்வொரு முறையும் 'கூடும்' என்று சொல்லும்போது சந்தேகம் கொஞ்ச நேரம் அடங்கி, பிறகு முன்னதைவிடப் பெரிதாக வரும்." நான் பெருமைப்பட்ட பொறுமை, அந்தப் பிள்ளையின் நோய்க்குத் தீனியாக இருந்திருக்கிறது. மூன்று முறை கழுவிவிட்டு, சந்தேகம் எவ்வளவு குடைந்தாலும் பைப்பை மூடிவிட்டு வந்து நிற்கப் பழக்குவதுதான் பயிற்சி. கிதாபும் அதைத்தான் சொல்கிறது. கிதாபை வைத்திருந்தவனுக்கு அதைச் செய்விக்கும் முறை தெரியாமல் போயிற்று.

அதற்குப் பின்பே நான் தேடிப் படித்தேன். ஹிஜ்ரி 322, அதாவது கி.பி. 934இல் வபாத்தான அபூ ஸைத் அல்-பல்கீ என்ற அறிஞர், உடலின் நலத்துக்கும் உள்ளத்தின் நலத்துக்கும் சேர்த்து ஒரு கிதாபு எழுதியிருக்கிறார். காரணம் தெரிந்த கவலை, காரணம் தெரியாத கவலை என்று பிரித்திருக்கிறார். வஸ்வாஸை உள்ளத்தின் நோய்களில் ஒன்றாக வைத்துத் தனியாகவே எழுதியிருக்கிறார். சிரியாவின் அலெப்போ நகரில் 1354ஆம் ஆண்டில் கட்டிய அர்கூன் அல்-காமிலி மருத்துவமனை மனநோயாளிகளைப் பராமரித்த இடம், அதன் கட்டடம் இன்றும் இருக்கிறது. இப்படிப்பட்ட மருத்துவமனைகள் வக்பு வருமானத்தில் நடந்தவை. ஏழு வருடம் அறபுக் கல்லூரியில் ஓதியவன் நான். வக்பின் சட்டங்கள் மனனம், அந்த வக்பு எதற்கெல்லாம் போயிற்று என்று ஒரு நாளும் கேட்டதில்லை. நாயகம் (ஸல்) அவர்களிடம் கிராமத்து அறபிகள் வந்து மருத்துவம் செய்யலாமா என்று கேட்டபோது செய்யுங்கள் என்றுதான் சொன்னார்கள். தலைக்குள் வரும் நோய்க்கு அது பொருந்தாது என்று விதிவிலக்கு வைத்தது நாங்கள்தான். சட்டமும் ஒரு காலம் அப்படித்தான் இருந்தது. தற்கொலைக்கு முயன்று பிழைத்தவரைக் குற்றவாளியாகப் பார்த்த சட்டம் இலங்கையில் 1998ஆம் ஆண்டில்தான் நீக்கப்பட்டது. அதுவரை குடும்பங்கள் மறைத்ததில் பயமும் இருந்தது.

அந்த மாணவர் இப்போது ஒரு கைத்தொலைபேசிக் கடையில் வேலை செய்கிறார். பள்ளியில் கண்டால் ஸலாம் சொல்வார். ஆனால் அவர் வீட்டு வாசலை நான் மிதித்ததில்லை. அவர் உம்மாவின் முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை. அதுதான் இருபதாவது வரி.

நடைபவனிக்கு மூன்று நாள் இருக்க, அஸருக்குப் பின் போய்க் கதவைத் தட்டினேன். அவர் முந்தானையைத் தலையில் இழுத்துக்கொண்டு வந்தார். உள்ளே வரச் சொல்லி, மகனையும் கூப்பிட்டு இருத்தினார். அட்டையை நீட்டினேன். "என்னத்துக்கு மௌலவி?" என்று கேட்டார். இளைஞர்களின் நலனுக்கு என்று மழுப்பப் பார்த்தேன். பிறகு, மனநோய்க்கு என்றேன். அந்தச் சொல்லை அந்த வீட்டில் வைத்து நான் சொல்ல பதின்மூன்று வருடம் சென்றிருக்கிறது.

அவர் எழுந்துபோய் அலுமாரியிலிருந்து ஒரு பையைக் கொண்டுவந்தார். உள்ளே கிளினிக் கொப்பி, பாமஸிப் பில்கள். கொப்பியின் பின்பக்கத்தில் ஒவ்வொரு கிளினிக் நாளுக்கும் ஓட்டோவுக்கு எவ்வளவு, அன்று தைக்காமல் விட்ட உடுப்புகள் எத்தனை என்று பென்சிலால் எழுதி வைத்திருந்தார். "மருந்துக்கு ஆருட்டயும் நான் கடன் படல்ல மௌலவி. போக வரத்தான் பட்ட" என்றார். பிறகு அட்டையை வாங்கிக் கிலோமீற்றருக்கு இருபது ரூபா என்று எழுதினார்.

எழுதி முடித்துவிட்டு, பேனையை மூடாமலே சொன்னார்: "அண்டைக்கு நீங்க, 'கொண்டு போங்க ராத்தா' எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா, நான் அதே நாள் கொண்டு போயிருப்பன். டொக்டர் சொல்லியில்ல, நீங்க சொல்லி."

என்னை மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன். "அத அவனிட்டக் கேளுங்க" என்றார்.

கேட்டேன். பிள்ளை நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "ஞாயித்துக்கிழம நீங்களா பேசுற உஸ்தாத்?" என்று கேட்டார். ஐந்து நிமிடம் தந்திருக்கிறார்கள் என்றேன். "என்ட பெயரச் சொல்ல வாணாம். ஆனா வுழூவச் சொல்லுங்க. இன்னும் நாலு பேருக்கு இருக்கும்" என்றார். பத்திரிகையில் எழுதுவதற்கும் பின்னர் அவரிடமும் அவர் உம்மாவிடமும் அனுமதி பெற்றுக்கொண்டேன்.

நடைபவனி பற்றிச் சொல்ல அதிகமில்லை. நடந்தோம். ஜுப்பாவைக் கழற்றாமல்தான் நடந்தேன், நாலாவது கிலோமீற்றரில் செருப்பு கடித்தது. ஆண்கள் நடக்க, பெண்கள் பாடசாலை வளவில் உணவுச் சந்தை வைத்தார்கள். அதுதான் பார்க்கவேண்டிய காட்சி. வட்டலப்பம், தொதல், கொழுக்கட்டை, கட்லட், இடியப்பப் பொதி என்று வைத்த கொஞ்ச நேரத்தில் சட்டிகள் காலி. ஒரு மூத்தம்மா பெரிய பானையில் வாற்கோதுமைக் கஞ்சி காய்ச்சிக் கொண்டுவந்திருந்தார். பால் ஊற்றி, தேன் விட்டு. அறபியில் தல்பீனா என்பது இதுதான். வீட்டில் மௌத்து நிகழ்ந்து கூடிய பெண்கள் கலைந்து போனதும் ஆயிஷா (ரலி) அவர்கள் இதைச் சமைக்கச் சொல்லித் துயரத்தில் இருப்பவர்களைச் சாப்பிட வைப்பார்கள் என்றும், நோயாளியின் உள்ளத்துக்கு இது இதம் தரும் என்று நாயகம் (ஸல்) அவர்கள் சொன்னதாகவும் ஹதீஸில் வருகிறது. மூத்தம்மாவுக்கு ஹதீஸ் தெரியும். நோய்க்கு மருந்து கிளினிக்கில், இது பசிக்கு என்று சொல்லிச் சொல்லி விற்றார். கோப்பை நூறு ரூபா.

ஐந்து நிமிடத்தில் வுழூவைச் சொன்னேன். பிள்ளையைச் சொல்லவில்லை, உஸ்தாதைச் சொன்னேன். ஈமானில் பலவீனம் என்று சொன்னவன் நான், ஆஸ்பத்திரி வேண்டாம் என்று சொன்னவன் நான் என்று சொன்னேன். உலகில் பத்து முதல் பத்தொன்பது வயதுக்கு உட்பட்டவர்களில் ஏழு பேருக்கு ஒருவர் ஏதோ ஒரு மனநலக் குறைபாட்டோடு இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது, என் வகுப்பில் நாற்பத்திரண்டு பேர், கணக்கை நீங்களே பாருங்கள் என்றேன். எந்த நேரமும் தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கத்துக்குத் தொலைபேசி எடுக்கலாம் என்றும் சொன்னேன். இறங்கி வரும்போது, என்னோடு படிப்பிக்கும் மூத்த மௌலவி ஒருவர், "இதையெல்லாம் மேடையில் சொல்ல வேண்டுமா?" என்று காதோடு கேட்டார். அவர் கேட்டதிலும் நியாயமுண்டு. எமது பிழையை அல்லாஹ் மறைத்திருக்க நாமே அதை வெளிப்படுத்தக் கூடாது என்றுதான் படித்திருக்கிறோம். இது என்னோடு முடிந்த பிழையாக இருந்தால் நானும் மறைத்திருப்பேன்.

லுஹருக்குப் பின் காசு எண்ணினோம். நடைபவனி அட்டைகள் வழியாக 1 இலட்சத்து 86 ஆயிரம் ரூபா. உணவுச் சந்தையும் ஏலமும் 2 இலட்சத்து 11 ஆயிரம். பேனரில் பதின்மூன்று ஆண்களின் பெயர் இருந்தது, பெண்களின் பெயர் ஒன்றும் இல்லை என்பதை அப்போதுதான் ஒருவர் கவனித்துச் சொன்னார். எல்லோரும் சிரித்தோம். சிரிக்க வேண்டிய விஷயமல்ல.

கஞ்சிப் பானை வைத்திருந்த மேசையின் உண்டியலைக் கொட்டியபோது, நாலாக மடித்த ஒரு கடித உறை விழுந்தது. பெயரில்லை. உள்ளே ஐயாயிரம் ரூபாத் தாளொன்றும் கொப்பியில் கிழித்த ஒரு துண்டும். பெண்ணின் கையெழுத்து. மகளுக்கு வயது பதினேழு என்றும், ஏ. எல். படிக்கிறாள் என்றும், இரவில் அடுப்பு அணைந்ததா என்று இருபது முப்பது தடவை எழும்பிப் போய்ப் பார்க்கிறாள் என்றும், வாசிகசாலை அறை எந்தெந்த நாட்களில் திறக்கும் என்று ஜும்ஆவில் சொன்னால் வீட்டில் உள்ளவர்கள் கேட்டு வந்து சொல்வார்கள், கேட்கத் தனக்கு ஆளில்லை என்றும் எழுதியிருந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை குத்பாவுக்கு முன்னர் எழுந்து நின்று, ஞாயிறும் புதனும் அஸருக்குப் பின்னர் அறை திறந்திருக்கும், தையல் வகுப்பு நடக்கும் ஒழுங்கையால் வரலாம் என்று அறிவித்தேன். யாருக்காக என்று சொல்லவில்லை. வெளியே பெண்களுக்கும் கேட்கட்டும் என்று, ஒலிபெருக்கியை மட்டும் கொஞ்சம் கூட்டச் சொன்னேன்.